பிக்னோனியேசிஈ: வாலிலிருந்து பிடியுங்கள்

தாவரக் குடும்பப் பெயரை முன்னாலிருந்து படிப்பவர்கள்தாம் பாதியில் திணறுகிறார்கள். லால்பாக்கில் என்னோடு மரம் பார்க்க வருகிறவர்களிடம் நான் சொல்வது, வாலை முதலில் பிடியுங்கள் என்பதுதான். ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் வால் ஒன்றே: எழுத்தில் -aceae, ஒலியில் ஏ-சி-ஈ. கடைசியில் வரிசையாக நிற்கும் மூன்று உயிரெழுத்துகளில் பின்னிரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. முதலாவது தனி அசை. அழுத்தம் எப்போதும் ஏ மீது.

பெங்களூரில் பழக ஏற்றது பிக்னோனியேசிஈ. தெருவெல்லாம் இளஞ்சிவப்பாக்கும் டபெபுயா, ஜகரண்டா, மரமல்லி எல்லாம் இந்தக் குடும்பம்தான். பின்னாலிருந்து கட்டுங்கள்: சி-ஈ, ஏ-சி-ஈ, னி-ஏ-சி-ஈ, நோ-னி-ஏ-சி-ஈ, கடைசியாகப் பிக். ஆக ஆறு அசை. ஏ-யில் நன்றாக அழுத்துங்கள், நோ-வில் லேசாக. முதல் ஒலி 'பஸ்'ஸில் வரும் ப. அடுத்த க் 'கோவா'வின் க. னி-க்கும் ஏ-க்கும் நடுவே தமிழ் நாக்கு யகரத்தைச் செருகத்தான் செய்யும், உடம்படுமெய்ப் பழக்கம் விடுமா! செருகட்டும், அசை குறையாமல் இருந்தால் போதும்.

பிரெஞ்சு அரச நூலகராக இருந்த பாதிரியார் ழான்-பால் பின்யோனின் (Bignon) பெயரிலிருந்து, இந்தக் குடும்பத்துக்குப் பெயர் தந்த பிக்னோனியா என்ற பேரினப் பெயர் வந்தது. அவர் பெயரில் க் ஒலிக்காது, குடும்பப் பெயரில் ஒலிக்கும்.

வாலுக்கு முன் மெய் நின்றால் ஏ அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆலும் அரசும் மொ-ரே-சி-ஈ. நாகலிங்கம் லெ-சி-தி-டே-சி-ஈ, இதில் தி-யை விழுங்காதீர்கள், பலரும் விழுங்குவது அதைத்தான்.

தாவரவியல் படிக்கும் என் அக்கா மகள், "எங்கள் கல்லூரியில் 'ஏசி' என்றே முடிப்பார்கள், சித்தி" என்கிறாள். முடிக்கட்டும். பழைய லத்தீன் முறைக்காரர்கள் ஆ-கே-ஐ என்பார்கள், அதுவும் தவறில்லை. பெயரிடல் விதிகள் எழுத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன, நாக்கை அல்ல. ஆனால் ஒரே உலாவில் இரண்டையும் கலந்து பேசுகிறவரைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

இந்த வால் இல்லாமலே செல்லுபடியாகும் பழைய பெயர்கள் எட்டு உண்டு. தென்னைக் குடும்பத்தை அ-ரெ-கே-சி-ஈ என்னலாம், அவசரமென்றால் பால்-மீ.