சிங்கப்பூரில் தூண்டில் போடப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க லைசென்ஸ் எதுவும் வேண்டாம். இதைக் கேட்டதும் நம்மாட்கள் ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள், சிக்கலே அங்கேதான். லைசென்ஸ்தான் இல்லையே தவிர, இடத்துக்கும் இரைக்கும் விதி உண்டு.

பிடோக், மெக்ரிட்சி, லோயர் சிலேத்தார் மாதிரி நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்க என்று ஒதுக்கிய பகுதிக்குள் மட்டும்தான் போடலாம்; பலகை இருக்கும், அதில் இருக்கும் வரைபடத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாலு எட்டு தள்ளி நின்றாலும் விதிமீறல்தான். அங்கே செயற்கை இரை மட்டுமே. மண்புழு, இறால், உயிருள்ள சின்ன மீன் எதுவும் கூடாது, ஊர்க் குளத்தில் போடுவது போல ரொட்டியை உருட்டிப் போடுவதும் கூடாது. குடிநீர் அது. மீறினால் அபராதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம்.

இறால்தான் போடுவேன் என்றால் கடற்கரைப் பக்கம் போங்கள், செம்பவாங் பூங்கா படகுத்துறை மாதிரி. அங்கேயும் கிளம்புவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையதளத்தில் அந்த இடம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தூண்டிலை வீசும்போது பின்னால் திரும்பிப் பாருங்கள், ஜாகிங் ஓடுபவர் காதில் முள் மாட்டினால் எந்த விதியும் உங்களைக் காப்பாற்றாது. அறுந்த தூண்டில் நரம்பை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், நீர்நாயும் பறவையும் அதில் சிக்கிக்கொள்கின்றன.