நைஸ்னா காட்டில் கூடாரம் போட: டர்பன்காரர்களுக்கு

டர்பனில் நாம் கேம்பிங் என்று சொல்வது பெரும்பாலும் கடலோரமாக, கரண்ட் பாயின்ட் பக்கத்தில், பாதி வீட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதைத்தான். தெற்குக் கரையோரம் இருக்கும் நைஸ்னா காடு வேறு மாதிரி. அந்தக் காட்டுக்குள் டீப்வாலே என்ற இடத்தில் மரங்களுக்கு நடுவே பலகை மேடைகள் போட்டிருக்கிறார்கள், அதன்மேல்தான் கூடாரம். அங்கே உங்களைப் பாடாய்ப் படுத்தப்போவது ஈரமும் பபூன் குரங்கும்தான், இந்த இரண்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம். யானை பயம் வேண்டாம். காட்டில் கேமராக்களைக் கட்டிவைத்துத் தேடியவர்கள், மிச்சம் இருப்பது ஒரே ஒரு பெண் யானைதான் என்று 2019-ல் சொன்னார்கள்.

இடத்தை நடத்துவது தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் சான்பார்க்ஸ், அதனால் முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையை விட்டுவிடுங்கள், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. அப்போதும் மழை பெய்யலாம், ஏனென்றால் அந்தப் பக்கம் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, வருஷம் முழுக்கப் பெய்யும்.

டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டவே ஓட்டாதீர்கள். டிரான்ஸ்கை பக்கம் ஆடும் மாடும் ரோட்டிலேயே நிற்கும், இருட்டினால் கிட்டே போகும்வரை தெரியாது, பள்ளங்கள் வேறு. ஈஸ்ட் லண்டனில் ராத்தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். பெட்ரோல், ஐஸ், விறகு, குடிதண்ணீர் எல்லாவற்றையும் நைஸ்னா டவுனிலேயே வாங்கிவிடுங்கள், ஆர்339 ரோட்டில் காட்டுக்குள் ஏறிவிட்டால் கடை கிடையாது, போன் சிக்னலையும் நம்ப முடியாது. மேப்பை முன்னாலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

சரி, கூடாரம். பலகையில் கூடார முளைக்குச்சி இறங்காது, அதனால் கம்பிகளை மாட்டியதும் தானாக நிற்கும் டோம் கூடாரம்தான் வேண்டும், கயிறுகளை மேடையின் மரச்சட்டங்களில் கட்டிக்கொள்ளலாம். மழையில் போய்ச் சேர்ந்தால் முதலில் தார்ப்பாயை மேலே கட்டுங்கள், அதற்குக் கீழே நின்று கூடாரத்தை விரியுங்கள். அடியில் போடும் விரிப்பு கூடாரத்தைவிட ஒரு விரல்கூட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் அதில் விழும் தண்ணீர் நேராக உங்கள் முதுகுக்குக் கீழே வந்து தேங்கும், பலபேர் கூடாரம் ஒழுகுகிறது என்று திட்டுவது இதைத்தான். மழை நின்ற பிறகும் மஞ்சள்மரங்களின் இலைகளிலிருந்து வெகுநேரம் சொட்டும், தார்ப்பாயை அவிழ்க்க அவசரப்படாதீர்கள். இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் சூடே தராது, சிந்தெடிக் போதும். விளக்குக் கவலை நமக்கு இல்லை, லோட்ஷெடிங் புண்ணியத்தில் எல்லார் வீட்டிலும் சார்ஜ் லைட் இருக்கிறதே!

விறகு வாங்கும்போது ரோய்க்ரான்ஸ் அல்லது வாட்டில் கேளுங்கள். இந்த இரண்டு மரங்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே களையாகப் பரவியவை, வெட்டி எரித்தால் மண்ணுக்கு நல்லது, தணலும் நன்றாக நிற்கும். காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையை மட்டும் தொடாதீர்கள், தேசியப் பூங்காவில் அது குற்றம். பிராய் போட, அதாவது தணலில் இறைச்சி சுட, ஒதுக்கிய இடத்தில் மட்டுமே நெருப்பு, படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணையுங்கள். 2017 ஜூன் மாதத் தீ நைஸ்னாவை என்ன செய்தது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்கு என் யோசனை: சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பயறை ஈஸ்ட் லண்டனில் கிளம்பும்போது ஒரு பெரிய ஜாடியில் ஊறப்போட்டுக் காரிலேயே வைத்துவிடுங்கள், போய்ச் சேரும்போது பொய்க்கி என்ற இரும்புச் சட்டிக்குத் தயாராக இருக்கும். வெங்காயம், தக்காளி, வீட்டு மசாலா போட்டு மெதுவாகக் கொதிக்கவிட்டால் அந்தக் குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். டின் மீன் கறியும் சுலபம்தான், ஆனால் காலி டின்னைக் கழுவி மூடிபோட்ட டப்பாவில் அடைத்துக் காருக்குள் வையுங்கள், வாசனைக்குப் பபூன் பகலிலும் காட்டுப்பன்றி ராத்திரியிலும் வரும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. காரைப் பூட்டவும் வேண்டும், சும்மா சாத்திய கதவைப் பபூன் திறந்துவிடும். ஓடைத்தண்ணீர் டீ நிறத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இலைச்சாறு. ஆனாலும் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

பக்கத்திலேயே கிங் எட்வர்ட் மரம் என்ற பெரிய மஞ்சள்மரம் நிற்கிறது, சுமார் 39 மீட்டர் உயரம். யானைப் பாதை என்று நடைவழிகளும் இருக்கின்றன. நடக்கும்போது பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் காதுமடல் எல்லாம் பாருங்கள், உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். டர்பன் திரும்பி ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும் வந்து உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு தெரிந்தால், காட்டில் தங்கியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது.