நாடு முடங்கும் காலத்துக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக ஒழுங்கு குலையும் காலத்துக்குத் தயாராக நினைப்பவர்களிற் பெரும்பாலானோர் ஒரேயொரு நாளைத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஒரு காலையில் எழும்பும்போது கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும், மின்சாரமும் தொலைபேசியும் செத்திருக்கும், அன்றிலிருந்து அறைக்குள் அடுக்கி வைத்த சாமான்களோடு கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம் என்பது அவர்களின் எண்ணம். இலங்கையில் வாழ்ந்த எங்களுக்கு அந்தக் காலம் அப்படி வந்து சேரவில்லை. 2021 மே மாதமளவில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் உணவுப் பொருட் பதுக்கலைக் காரணம் காட்டி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. பிறகு பால்மா கடைகளில் இல்லாமற் போனது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் சொன்னது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்றாகியது. முதலாவது அறிகுறிக்கும் கடைசி அடிக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தைத் தவறவிட்டதே எங்களிற் பலர் விட்ட பெரிய பிழை. "அடுத்த கப்பல் வந்தால் சரியாகிவிடும்" என்று ஒவ்வொரு படியிலும் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

ஆகவே தயாராவது என்பதை ஒரு நாளைத் தாண்டுவதாக நினைக்காமல், மாதக் கணக்கில் நீளும் தட்டுப்பாட்டுக்குள் குடும்பம் நடத்துவதாக நினைக்க வேண்டும். அப்படி நினைத்துப் பார்த்தால், வழக்கமாகச் செய்யப்படும் ஏற்பாடுகளிற் பல எங்கே பிழைக்கின்றன என்பது விளங்கும்.

அரிசி இருக்கும், அடுப்பு எரியாது

அரிசியும் பருப்பும் மூட்டையாக வாங்கி வைப்பவர்கள் அதை எதைக்கொண்டு அவிப்பது என்று யோசிப்பதில்லை. 2022இல் கொழும்பில் அரிசி முற்றாக இல்லாமற் போகவில்லை. விலைதான் எட்டாத உயரத்துக்குப் போனது. காஸ் சிலிண்டர்தான் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, தெரு நீளத்துக்கு வரிசையில் வைத்துவிட்டுச் சனங்கள் பக்கத்திலேயே குந்தியிருந்தார்கள். மாடி வீடுகளின் பால்கனிகளில் விறகு மூட்டியவர்கள் இருந்தார்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் புகை போக வழி வைக்கவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை, மின்சார அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு மின்சாரம் இல்லை.

எனவே உணவைச் சேமிக்கும்போது இரண்டு வகையாகப் பிரித்துச் சேமிக்க வேண்டும். ஒரு பகுதி அடுப்பே தேவைப்படாததாக இருக்கட்டும்: அவல், வறுத்த அரிசிமா, கச்சான், பேரீச்சம்பழம், மீன் ரின், எங்கள் பக்கத்தில் என்றால் புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்து, பிளந்து, வெயிலில் காயவைத்து எடுக்கும் புழுக்கொடியல் ஈரம் படாத தகரப் பேணியில் மாதக்கணக்கில் இருக்கும். அப்படியே கடித்துச் சாப்பிடலாம். அவிக்காமற் காயவைக்கும் பச்சை ஒடியலை அதனோடு சேர்த்துவிடக் கூடாது. அது மாவாக்கி, கசப்பு நீங்க ஊறவைத்துக் கழுவி, கூழோ பிட்டோ ஆக்க வேண்டிய சாமான்.

அவிக்க வேண்டியவற்றுக்கு எரிபொருளைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. பயறையோ கடலையையோ இரவே ஊறப்போட்டு, மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் எரித்தபின், பானையை இறுக மூடி, பழைய போர்வை இரண்டினாற் சுற்றி, ஒரு பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மீதி வேலையை உள்ளே அடைபட்ட சூடே செய்துவிடும். சோற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் பானை நிறைய இருக்க வேண்டும். அரைப் பானை சூட்டைத் தாங்காது. இந்த ஏற்பாட்டுக்குப் பழைய போர்வைகளையும் ஒரு பெட்டியையும் தவிர வேறு செலவு கிடையாது.

வீட்டுக்குள் பெற்றோல்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தட்டுப்பாட்டைவிடத் தட்டுப்பாட்டுக்கான தயாரிப்பே உயிரைப் பறிக்கும் இடம் இதுதான். வரிசையில் இரண்டு நாள் நின்று பெற்ற பெற்றோலைக் குளிர்பானப் போத்தல்களில் ஊற்றிக் கட்டிலுக்குக் கீழும் குசினி மூலையிலும் வைத்தவர்கள் இருந்தார்கள்; அப்படிச் சேர்த்து வைத்த எரிபொருள் தீப்பற்றிய செய்திகளும் வந்தன. பெற்றோல் திரவமாக இருக்கும்போது அல்ல, ஆவியாகும்போதுதான் எரிகிறது. அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் நிலத்தோடு தவழ்ந்து, கதவிடுக்கால் அடுத்த அறைக்குப் போய், அங்கே சாமி விளக்கில் பற்றி, வந்த வழியே போத்தலுக்குத் திரும்பிவிடும். குளிர்பானப் போத்தலோ வெயிற் சூட்டில் உப்பி மூடியைத் தளர்த்திக்கொள்ளும். குடியிருக்கும் வீட்டுக்குள் பெற்றோல் சேமிக்கவே கூடாது என்பதுதான் என் முடிவு. வாகனத்தின் தாங்கியை எப்போதும் அரைவாசிக்குக் குறையாமல் வைத்திருக்கும் பழக்கம் ஒன்றே போதுமான சேமிப்பு.

மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்தாலும் விளக்கும் அடுப்பும் வெடிகுண்டாகிவிடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே கலனையோ ஒரே புனலையோ பாவிக்கக் கூடாது. மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளோ, விறாந்தையிலோ, திறந்த யன்னலுக்கு அருகிலோ ஓடவிடுவது இன்னொரு மரணப் பொறி. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

போர் நடந்த 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல், பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்கள் மண்ணெண்ணெயை எப்படிக் கையாண்டார்கள் என்பது பார்க்கத் தக்கது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அந்தப் பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் மெல்லிய திரியை இழுத்து ஏற்றினார்கள். சுடர் ஒரு பயறளவுதான் இருக்கும். ஆனால் ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்து படிக்கலாம். போத்தல் தட்டுப்பட்டுச் சரிந்தாலும், பஞ்சு குடித்த எண்ணெய் ஓடிப் பரவாது. சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே பஞ்சுத் துண்டில் இருந்தன.

தண்ணீரும் மருந்தும்

கிணறு இருக்கிறது என்பதால் தண்ணீர் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. மோட்டார் பூட்டிய பிறகு கப்பியையும் கயிற்றையும் கழற்றி எறிந்த வீடுகளில், கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மின்வெட்டு நேரத்தில் முகம் கழுவ வழியில்லை. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கசிவு கிணற்றுக்கு எளிதில் வந்துவிடும் என்பதால், தெளிவாகத் தெரியும் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். விறகு இல்லையென்றால், வாசனை சேர்க்காத வீட்டுக் குளோரின் திரவம், 5 அல்லது 6 சதவீதச் செறிவுள்ளது, ஒரு லீற்றருக்கு 2 துளி விட்டு அரை மணித்தியாலம் வைக்கலாம். அதுவும் இல்லையென்றால், நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி 6 மணித்தியாலம் நேர் வெயிலில் படுக்கவைக்க வேண்டும். மப்பும் மந்தாரமுமான நாளென்றால் இரண்டு நாள்.

மருந்தில் நிகழும் தவறு வேறு விதமானது. காயத்துக்குக் கட்டுத்துணியும், யாரோ சொன்ன நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளும் வாங்கி நிரப்புகிறவர்கள், அம்மா நாளாந்தம் போடும் இரத்த அழுத்தக் குளிசையை மறந்துவிடுகிறார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினால் வைத்தியசாலைகள் சத்திரசிகிச்சைகளை ஒத்திவைக்க நேர்ந்தது. தனியார் மருந்தகங்களில் வழக்கமான குளிசைகளுக்கே அலைய வேண்டியிருந்தது. வைத்தியரிடம் காரணத்தைச் சொல்லி, எப்போதும் ஒரு மாத மருந்து மேலதிகமாகக் கையிருப்பில் இருக்கும்படி எழுதி வாங்குவதும், பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைப்பதும் இதற்குப் போதும். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் 30 பாகைக்கு மேற்போகாத அறையில் சுமார் நான்கு கிழமை தாங்கும். எங்கள் சித்திரை வெயிலில் அறை அந்த அளவில் நிற்காது. ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு மண்சட்டியை வைத்து, இடையில் மணலை நிரப்பி நனைத்துக்கொண்டே இருந்தால், உட்சட்டி குளிர்ந்திருக்கும். வயிற்றோட்டத்துக்கு ஒரு லீற்றர் சுத்தமான நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற கணக்கைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

காசு

பணத்தை வங்கியில் மட்டும் வைப்பதும் தவறு, தாளாகவே பூட்டி வைப்பதும் தவறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட 69.8 சதவீதமும் உணவு விலை 94.9 சதவீதமும் உயர்ந்திருந்தன. அலுமாரிக்குள் இருந்த தாள் அங்கே இருந்தபடியே பாதியாகியது. சில நாட் செலவுக்குச் சிறிய தாள்கள், அவசரத்துக்கு ஓரிரு பவுண் நகை, மீதிக்கு வீட்டில் எப்படியும் செலவாகும் சவர்க்காரம், அரிசி, எண்ணெய் என்று பிரித்து வைப்பது நல்லது. கடன் இருந்தால் அதை முன்கூட்டியே குறைப்பதும் ஒரு தயாரிப்புத்தான்.

தனியாகத் தப்பலாம் என்ற எண்ணம்

எல்லாத் தவறுகளிலும் ஆழமானது இது. உயர்ந்த மதில், பூட்டு, ஆயுதம், எவருக்கும் சொல்லாத களஞ்சியம் என்று தயாராகிறவர், நெருக்கடியில் தனக்குத் தேவைப்படப் போகும் ஆட்களையே எதிரிகளாக எண்ணிக்கொள்கிறார். எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றவர்கள் தனியாட்களாக நிற்கவில்லை. ஒருவர் பெயரை இன்னொருவர் பிடித்து, இரவில் முறை மாற்றி, பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளைக்குப் பாணும் வாங்கிக்கொண்டுதான் நின்றார்கள். அப்படியிருந்தும் வரிசையில் நின்ற வயோதிபர்கள் சிலர் விழுந்து இறந்தார்கள். ஊர்களில் சமுதாயச் சமையலறைகள் தொடங்கின. ஒரே அடுப்பில் நாற்பது பேருக்குச் சமைக்கும் விறகு, அந்த நாற்பது பேரின் வீடுகளில் தனித்தனியாக மூட்டும் விறகில் ஒரு சிறிய பங்குதான். எந்த வீட்டில் மின்சாரமில்லாமல் இறைக்கக்கூடிய துலாக் கிணறு இருக்கிறது, எந்த வீட்டில் தாதி இருக்கிறார், எந்தக் கிழவி எழுந்து நடக்க மாட்டார் என்பதை இப்போதே தெரிந்து வைத்திருப்பதைவிடப் பெறுமதியான களஞ்சியம் எனக்குத் தெரியவில்லை.

செய்தியும் இதனோடு சேர்ந்ததே. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் அரை நாளுக்கு மேல் முடக்கப்பட்டபோது, கைபேசியை மட்டும் நம்பியிருந்தவர்கள் வதந்தியில் மிதந்தார்கள். பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலியை இணைத்து, வளவு முழுக்கக் கூடியிருந்து பி.பி.சி.யின் தமிழோசை கேட்டார்கள். ஒரு சிறிய வானொலி இன்றைக்கும் எந்த வீட்டிலும் இருக்க வேண்டிய சாமான்.

பசிக்கிற அன்று விதைப்பது

2022 ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கப்பட்டது. நோக்கம் நல்லது, காலம் பிந்திவிட்டது. கீரை மூன்று நான்கு கிழமையில் வரும். மரவள்ளிக் கிழங்குக்கு எட்டுப் பத்து மாதம் வேண்டும். கடைக் கலப்பின விதையின் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச் செடியைப் போல விளையாது என்பதும் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. முருங்கை, அகத்தி, ஈரப்பலா, வாழை என்று ஒருமுறை நட்டால் ஆண்டுகளுக்கு நிற்பவற்றை இப்போதே வளவில் வைக்க வேண்டும்.

தூக்க முடியாத பெட்டி

இருக்கும் இடத்திலேயே இருந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் சேர்ப்பவர்கள், வெளியேற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று நினைப்பதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கியபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஓரிரவில் வெளியேறி நாவற்குழிப் பாலம் ஊடாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சில கிலோமீற்றரைக் கடக்க விடிய விடிய எடுத்தது. தையல் மெசினோடும் பெட்டகத்தோடும் புறப்பட்டவர்கள் வழியோரத்தில் அவற்றை இறக்கி வைத்தார்கள். மழையில் குடையைக் கவிழ்த்துப் பிடித்து நீர் குடித்தார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றை விட்டு வந்தவர்கள் அதன் பிறகு அலுவலகம் அலுவலகமாக ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். ஆகவே மூல ஆவணங்களை நீர் புகாத பையில் ஒரே இடத்தில் வையுங்கள். பிரதிகளை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பையைக் கட்டி முடித்தபின், வீட்டிலேயே பலம் குறைந்தவர் அதைச் சுமந்து சந்திவரை நடந்து பார்க்கட்டும்.

எந்த ஏற்பாட்டையும் செய்து பார்க்காமல் நம்பக் கூடாது. நாங்கள் ஒரு சனிக்கிழமை மாலை பிரதான ஆளியை அணைத்து, காஸையும் பூட்டி, மறுநாள் மாலைவரை அப்படியே இருந்து பார்த்தோம். மின்சூளுக்குள் பற்றரி கசிந்து துருப்பிடித்திருந்தது. தீப்பெட்டி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிணற்றுக் கயிற்றைக் கப்பியிற் போட்டு இரண்டாவது வாளியை இழுக்கும்போது, பல வருடம் கொட்டிலில் கிடந்து உக்கிப்போன அந்தக் கயிறு அறுந்து, வாளியோடு உள்ளே விழுந்தது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பதினைந்து பாகம் புதுக் கயிறு வாங்கினோம்.