நாய்க்குக் கண் சிவந்தால்: பார்ப்பது, துடைப்பது, சொட்டு விடுவது

எங்கள் நாய்க்குக் கண் அழற்சி வந்து குணமான பிறகு எழுதுகிறேன். மருந்துப் பெயர் எதுவும் இதில் இருக்காது, அது கால்நடை மருத்துவரின் வேலை. அவர் எழுதிக் கொடுத்ததைத் தலையை உதறிக்கொண்டு ஓடும் நாயின் கண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை. நான் திணறியது அங்கேதான்.

1. தொடும் முன் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் இரண்டு கண்ணையும் ஒப்பிடுங்கள். கீழ் இமையை மெல்ல இறக்கினால் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். செக்கச்செவேலென்று தடித்திருந்தால் அழற்சி. தூங்கி எழுந்ததும் கண்ணோரம் ஒட்டியிருக்கும் துளிப் பழுப்புப் பீளை பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீராக வடிந்தால் தூசியோ ஒவ்வாமையோ இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் பெரும்பாலும் கிருமி சேர்ந்திருக்கும். நூல்போல் இழுபடும் கெட்டிச் சளி வந்து, கண்ணின் பளபளப்பும் குறைந்திருந்தால் கண்ணீர் போதுமான அளவு சுரக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 1 நிமிடம் பார்ப்பார். 15 மில்லிமீட்டராவது நனைந்தால் சரி.

2. இன்றைக்கே கிளம்ப வேண்டியவை

கண்ணைத் திறக்கவே முடியாமல் இடுக்கிக்கொள்வது, கருவிழி (கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம், கார்னியா) நீலமாகவோ வெள்ளையாகவோ மங்குவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது, கண் பிதுங்கி நிற்பது. இதில் எதைக் கண்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறினால் ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். குட்டிக்குப் பீளையோடு காய்ச்சல், மூக்கொழுகல், இருமலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயாகவும் இருக்கக்கூடும்.

3. அலமாரியில் இருக்கும் பழைய சொட்டு வேண்டாம்

இதில் நான் பிடிவாதக்காரன். சிவப்பு சீக்கிரம் வடியட்டும் என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டை விட்டுவிடுகிறோம். உள்ளே கருவிழியில் புண் இருந்தால் அந்தச் சொட்டு ஆறவிடாது. புண் ஆழமாகி ஓட்டையே விழலாம். புண் இருக்கிறதா என்பது வெறும் கண்ணுக்குப் பல நேரம் தெரியாது. ஃப்ளோரசீன் சாயத்தை விட்டு நீல விளக்கில் பார்த்தால் புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். அந்தச் சோதனை முடியும்வரை பொறுங்கள்.

4. துடைப்பது

0.9 சதவீத சலைன் (உப்பு நீர்), காஸ் துணி, இவ்வளவுதான். பஞ்சு எனக்குப் பிடிக்காது, இழை பிரிந்து கண்ணிலேயே ஒட்டும். காய்ந்த பீளையைப் பிய்க்காமல் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்தால் தானாக இளகும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய துணி மறு கண்ணுக்குப் போகக்கூடாது. கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் சலைன் ஆகாது.

5. சொட்டு விடுவது

எதிரே நின்று புட்டியை நீட்டினால் எந்த நாயும் பின்வாங்கும். அதனால் பின்னால் போங்கள். நாயை உட்கார வைத்து, அதன் முதுகு உங்கள் மேல் சாய்ந்திருக்கும்படி மண்டியிடுங்கள். பின்னால் நகர இடமில்லை என்றானதும் பாதிப் போராட்டம் முடிந்துவிடும்.

இடது கையால் தாடையை ஏந்தி மூக்கை மேல்நோக்கித் தூக்குங்கள். புட்டி பிடித்த வலது கையின் அடிப்பாகம் நாயின் நெற்றியில் ஊன்றியிருக்கட்டும். இதுதான் சூட்சுமம். தலை அசைந்தால் கையும் கூடவே அசையும், புட்டி முனை கண்ணில் குத்தாது. அதே கையின் சுண்டுவிரலால் மேல் இமையை உயர்த்தி, தெரிகிற வெள்ளைப் பகுதியில் ஒரே ஒரு சொட்டு. முனை கண்ணில் படக்கூடாது, பட்டால் புட்டிக்குள்ளும் கிருமி போகும். நாய் இமைத்ததும் கொஞ்சம் வழியும், பரவாயில்லை. உடனே தின்பண்டம் கொடுங்கள். நல்ல பிள்ளை என்று கொஞ்சுவது மட்டும் எங்கள் நாயிடம் எடுபடவில்லை.

இரண்டு சொட்டு மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடமாவது விடுங்கள். களிம்பு கடைசியில்தான், முதலில் போட்டால் சொட்டு உள்ளே இறங்காது.

சிவப்பு போய்விட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். சொன்ன நாள்வரை போடுங்கள்.

பின்சேர்க்கை

பக், ஷிட்சூ வைத்திருக்கும் சிலர், கழுத்துத் தோலை இறுகப் பிடித்துக்கொண்டு சொட்டு விடலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. சப்பை முக நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை. அழுத்திப் பிடித்தால் கண்ணே வெளியே பிதுங்கிவிடலாம். தாடையை மட்டும் ஏந்துங்கள்.

கண்ணைச் சொறியாமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பைப் போட்டதும் சாப்பிட மாட்டேன் என்கிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கூம்பின் விட்டத்தைவிடச் சிறிய தட்டாக எடுத்து, கொஞ்சம் உயரத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சாப்பிடும்போது மட்டும் கழற்றிவிட்டு, முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். வயிறு நிறைந்ததும் முகத்தைத் தரையில் தேய்ப்பதுதான் பல நாய்களின் அடுத்த வேலை. அதற்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும்.