ஒன்ராறியோவில் வேலி அடைக்க ஆள் பிடிக்கும் முன்

ஊரில் கதியால் நட்டுக் கிடுகு கட்டி வேலி அடைத்த எங்களுக்கு, வேலி கோணினால் அடுத்த வருடம் திருப்பி அடைக்கலாம் என்ற நினைப்புத்தான் இருக்கும். இங்கே ஆயிரக்கணக்கான டொலரைக் கொட்டித்தான் அதைச் செய்ய வேண்டும்.

முதலில் சட்ட அலுவல்கள். காணியின் எல்லைப்படத்தை எடுத்து வையுங்கள். உயரத்துக்கு உங்கள் நகரசபையின் விதியைப் பாருங்கள். ரொறன்ரோவில் பின்வளவு வேலி பொதுவாக 2 மீற்றர் வரைதான். கிண்டுவதற்கு முன் 'ஒன்ராறியோ வன் கோல்' மூலம் நிலத்தடிக் குழாய், வயர்களை அடையாளப்படுத்துவது சட்டப்படி கட்டாயம், காசும் இல்லை. "அதெல்லாம் தேவையில்லை அண்ணை" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலையாட்கள் காயப்பட்டால் காப்புறுதி தரும் மாகாண வாரியமான டபிள்யூஎஸ்ஐபியின் சான்றிதழையும் கேளுங்கள்.

இனித்தான் விஷயம். என் மச்சான் அஜாக்ஸில் வீடு வாங்கி, குளிருக்கு முன் 6 அடி வேலி போட்டார். வேலைக்குப் பிடித்த ஆள் தமிழர்தான். பில் இல்லாமல் காசாகக் கொடுத்தால் 13% வரி மிச்சம் என்றார். பனி கரைந்தபோது வேலி அலை மாதிரி நின்றது, படலையைப் பூட்ட முடியவில்லை. அழைத்தால் அந்த மனுசன் போனை எடுக்கவில்லை. பற்றுச்சீட்டே இல்லாமல் யாரிடம் போய் முறையிடுவது? ஒரு தூணைக் கிண்டிப் பார்த்தோம்; 2 அடிதான் இறக்கியிருந்தார்.

இந்தப் பக்கம் நிலம் ஏறக்குறைய 4 அடிக்கு உறையும். ஈரமண் உறைந்து வீங்கும்போது தூணையும் பிடித்து மேலே தள்ளும். தூணின் அடி அந்த ஆழத்துக்காவது போக வேண்டும். எங்கள் பூவரசங்கதியால் வேர்விட்டுத் தானே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அப்பு அலவாங்கால் நாலு குத்துக் குத்தி நட்டதே போதுமாக இருந்தது. இங்கே நடும் தூண் செத்த மரம், ஆழம் ஒன்றுதான் அதற்குப் பிடி.

கணக்கு லேசானது. 6 அடி வேலிக்கு 10 அடித் தூண் வேண்டும். மரம் வந்து இறங்கியதும் நாடாவால் அளந்து பாருங்கள். 8 அடித் தூண் கிடந்தால் மண்ணுக்குள் 2 அடிதான் போகப்போகிறது, வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தூணின் நீளத்தையும் குழியின் ஆழத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். கொங்கிறீட் ஊற்றும் அன்று லீவு போட்டாவது வீட்டில் நில்லுங்கள். ஊற்றிவிட்டால் குழியின் ஆழத்தை யாரும் பார்க்க முடியாது. காசின் பெரும்பங்கை அதற்குப் பிறகு கொடுங்கள்.

வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தமென்றால், நகல் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். பலருக்கு இது தெரியாது.

அப்புறம், கைத்தொலைபேசியில் புது வேலிப் படங்களைக் காட்டினால் மயங்க வேண்டாம். இரண்டு பனிக்காலம் கண்ட வேலி ஒன்றின் விலாசத்தைக் கேட்டு வாங்கி, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படலையைத் திறந்து பூட்டிப் பாருங்கள்.