பற்றைக்குள் பழம் பறிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழத்தை மட்டும் பார்த்துப் பறிப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். சூரைப்பழம் கறுப்பு, பளபளப்பு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. சரி, இந்த அடையாளத்துக்குள் இன்னும் எத்தனையோ செடி அடங்கும். அதனால் கை நீட்டுவதற்கு முன்னம் கொப்பைப் பாருங்கள். சூரைக்கு முள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், சட்டையில் மாட்டினால் லேசில் விடாது. இலைகள் மாறி மாறி வரும், காம்படியிலிருந்தே நரம்புகள் பிரியும், இலையைப் புரட்டினால் பின்பக்கம் மெல்லிய மயிர் தெரியும். இன்னொரு முட்செடியான காரை அப்படியில்லை. அதன் முள் நேரானது, இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும், இலையும் எதிரெதிர்தான். பழம் பழுத்தால் மஞ்சள்.

அடுத்தது, பழம் எந்தச் செடியுடையது என்று பார்க்காமல் விடுவது. காரைப் பற்றைக்கு மேலே குன்றிமணிக் கொடி ஏறிக் கிடக்கும், அதன் காய் வெடித்துச் சிவப்பு விதை கறுப்புக் கண்ணோடு வெளியே தெரியும்போது கீழே நிற்கிற சின்னப் பிள்ளைக்கு அதுவும் அந்தப் பற்றையின் பழம்தான். அந்த விதைக்குள் இருக்கிற அப்ரின் மிகக் கொடிய நஞ்சு. தோல் கடினம் என்பதால் முழுதாக விழுங்கியவர்கள் தப்பியதும் உண்டு, ஆனால் கடித்து உடைத்தால் உயிருக்கே ஆபத்து. புளியிலை மாதிரிச் சின்னச் சின்ன இலையோடு ஒரு கொடி பின்னிக் கிடந்தால் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

வேலியில் படரும் கொவ்வையிலும் இதே குழப்பம் வரும். கொவ்வைப்பழம் நீளவாக்கானது. காயில் வெள்ளைக் கோடு இருக்கும், பழுத்ததும் முழுச் சிவப்பாகிவிடும். ஐவிரலி என்ற இன்னொரு கொடியின் பழம் உருண்டை, சிவந்த பிறகும் வெள்ளைக் கோடு அப்படியே நிற்கும். அது சாப்பிடுகிற பழமில்லை.

அப்புறம், ஊரில் வாய்வழியாக ஓடுகிற குறுக்குவழிகள். இவற்றில்தான் எனக்கு மிகவும் பயம். "குருவி தின்றால் நாமும் தின்னலாம்" என்பார்கள். மஞ்சள் அலரிப் பழத்தைக் குயில் தின்னும், குயிலுக்கு ஒன்றும் ஆகாது. மனிதருக்கோ அது இதயத் துடிப்பையே குழப்புகிற நஞ்சு. "பால் வடிந்தால் நஞ்சு" என்பதும் சரியில்லை. அலரியிலும் பால் வடியும், ஆனி ஆடியில் வன்னிப் பகுதியிலிருந்து வருகிற பாலைப்பழத்திலும் பால் இருக்கும், அதைத் தின்றுவிட்டு உதடு ஒட்டாதவர் யார்? "கொஞ்சம் ருசி பார், கசந்தால் துப்பு" என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். காட்டாமணக்கு விதை கசக்காது, கச்சான் மாதிரி நன்றாகவே இருக்கும், அதனால்தான் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்தாமல் கைநிறையத் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடக்கிறார்கள்.

செடியைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் ஒரு தவறு மிச்சம் இருக்கிறது: பழுக்கும் வரை பொறுக்காதது. மணத்தக்காளி நன்றாகக் கறுத்த பிறகுதான் வாய்க்கு, பச்சைக் காயில் சொலனின் என்ற நஞ்சு இருக்கிறது. நாயுண்ணியின் பச்சைக் காயும் நஞ்சு.

யாராவது தெரியாத பழத்தைத் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று தொண்டைக்குள் விரல் விடாதீர்கள், உப்புத்தண்ணீர் பருக்காதீர்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பவைத்து, இலங்கையில் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கிற வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இப்போதைக்கு நன்றாகத்தானே இருக்கிறான் என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், குன்றிமணி நஞ்சு பல மணித்தியாலம் கழித்தும் வேலையைக் காட்டும். போகும்போது அந்தச் செடியில் இலையும் காயுமாக ஒரு கொப்பை முறித்துக் கையோடு எடுத்துப் போங்கள், என்ன தின்றது என்பதை டொக்டர் கண்டுபிடிக்க அது உதவும்.