நிக்ரோம் கம்பியும் மின்கலத்தின் வரம்பும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திருவிழா அலங்காரத்திற்குத் தெர்மாகோல் அறுக்க நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பியை மின்கலத்தால் சூடாக்குவோர், முதலில் மல்டிமீட்டரால் கம்பியின் மின்தடையை அளக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 18650 என்ற உருளை வடிவ லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் தரும்; அதை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் தெரிந்துவிடும் என்பதால், 1 ஓம் கம்பி 4.2 ஆம்பியரும் 0.2 ஓம் கம்பி 21 ஆம்பியரும் இழுக்கும் என்று கணக்கிடலாம். தொடர்ந்து 10 ஆம்பியர் மட்டுமே தாங்கும் கலத்தில் இரண்டாவது கம்பியை ஒருபோதும் இணைக்காதீர்கள்.

கலத்தின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும், உள்ளிருக்கும் உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை என்பதால், நேர்முனையை ஒட்டியே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படக்கூடும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த கலங்களை இதற்குப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. தெர்மாகோல் புகை கெடுதலானது; திண்ணையில் வைத்தே அறுங்கள்.